கப்டனின் முழங்காலுக்கு ஒரு தேங்காய்

ஒன்பது வயதில் எனக்கு பேஸ்போலைப் பற்றித் தெரியாதது எதுவும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் மற்றவர்களுக்கு எதுவுமே தெரியாது என்பதால் இதை மறுத்துப் பேசவும் ஆளில்லை. அப்பா கிரிக்கெட் ஆள். அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடுவதைப் பார்த்து, "மட்டையை ஏன் எறியிறான்? ரன் அவுட் எண்டு வந்தா எதைக் கொண்டுபோய் வைக்கிறது?" என்று உண்மையான கவலையோடு கேட்பார். அம்மாவுக்கு இரண்டு விளையாட்டும் ஒன்றுதான். வேலைவெட்டி இல்லாமல் வெயிலில் நின்று கறுத்துப்போவது.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு தொழில்முறை பேஸ்போல் வீரர் ஒரு கோடை தங்கினார் என்றால் அதற்குக் காரணம் அப்பாவின் தலையாட்டல். அப்பா மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பொதிகளை ஏற்றி இறக்கும் வேலை செய்தார். அவருடைய மேற்பார்வையாளர் கெபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக்காரர், பேஸ்போல் பைத்தியம். பெரிய அணி மொன்றியலை விட்டுப்போய் வருடங்கள் ஆகியிருந்தன. அந்தத் துக்கம் ஆறாதவர்கள் சேர்ந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாவாலில் இருந்த ஒரு சின்ன அணியைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். சின்ன அணிகளில் சம்பளம் சொற்பம். அதனால் வெளியூரிலிருந்து வரும் வீரர்களை ஆதரவாளர்களின் வீடுகளில் கோடை முழுக்கத் தங்கவைப்பது வழக்கம். இல்-பிசார் தீவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் சும்மாதானே கிடக்கிறது என்று அவர் கேட்டிருக்கிறார். மேற்பார்வையாளர் கேட்ட எதற்கும் அப்பா இல்லை என்று சொன்னதில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு பின்னேரம், தோளில் ஒற்றைப் பையோடு, டொமினிக்கன் நாட்டு இளைஞர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் வரக் காரணம் அணியின் கப்டனுடைய முழங்கால். மைதானத்தில் ஓடித் தொடவேண்டிய தளங்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்பவர் கப்டன். பந்து அதிகமாக வருகிற இடம் அது. சறுக்கி விழுந்ததில் அவருடைய வலது முழங்கால் பிசகிவிட்டது. அவருக்குச் சுகம் வரும்வரை அந்த இடத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் இவர்.

அம்மா அவரைப் பார்த்த உடனே "தம்பி" என்று கூப்பிட்டார். ஆகவே நான் "அண்ணா" என்று கூப்பிட்டேன். அவர் முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச்சொல் "காணும்", அதாவது போதும். அம்மாவின் கரண்டியைத் தடுக்க வேறு வழி தெரியாமல் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. காணும் என்று சொல்லுகிற விருந்தாளிக்கு இன்னும் ஒரு அகப்பை வைப்பதுதான் எங்கள் வீட்டு முறை. ஜூலை நடுப்பகுதியில் அவருடைய காற்சட்டை இடுப்பில் இறுகத் தொடங்கியபோது அம்மாவுக்கு வந்த பெருமை சொல்லி முடியாது.

எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம். அவருடையது கொஞ்சம் ஓட்டை, என்னுடையது பிரெஞ்சு கலந்தது. பின்வளவில் பந்து எறிந்து பிடிக்கும்போது, அவருடைய ஆட்டத்தில் உள்ள பிழைகளை நான் தயவுதாட்சண்யம் இல்லாமல் எடுத்துச் சொல்வேன். அவர் என்னை "கோச்" என்று கூப்பிடத் தொடங்கியது அப்படித்தான். அவருடைய பலவீனமும் எனக்குத் தெரிந்திருந்தது. பந்து பிடிப்பதில் ஆள் புலி, அடிப்பதில் எங்கள் அப்பாவைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. இதையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள், பேஸ்போல் இல்லாவிட்டால் என்ன வேலைக்குப் போவீர்கள் என்று கேட்டேன். ஊரில் மாமாவிடம் வாழைக்காய் ஏற்றுகிற லொறி ஒன்று இருக்கிறது, அதை ஓட்டவேண்டியதுதான் என்றார். இதற்கு முன் இரண்டு அணிகள் அவரை வேண்டாம் என்று அனுப்பியிருந்தன. இதுவும் சரிவராவிட்டால் இனி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். "அந்த லொறிக்கு பிரேக் இல்லை, கோச். அதனால் நான் நன்றாக விளையாடத்தான் வேண்டும்," என்று சிரித்தார். பிரேக் இல்லாத லொறி எப்படி நிற்கும் என்பதைப் பற்றி நான் நெடுநேரம் யோசித்தேன்.

அந்த வருடம் அணிக்குக் கண்டம். அது கப்டனின் காலோடு நின்றுவிடவில்லை. பந்து எறிகிறவர்களில் நல்லவருக்கு முழங்கையில் நோ வந்தது. அவருடைய பந்தைப் பிடிக்கிறவர் விரலை முறித்துக்கொண்டார். இன்னொருவர் மெக்சிக்கோவில் நல்ல சம்பளம் என்று சொல்லி ஒரு இரவுக்குள் காணாமற்போனார். அமெரிக்கச் சிறுநகரங்களுக்குப் பஸ்ஸில் போய் விளையாடிவிட்டு வருகிற ஒவ்வொரு முறையும் புது முகங்கள் இறங்கும். நான் பெயரைப் பாடமாக்கி முடிப்பதற்குள் ஆள் மாறிவிடும். அம்மா அணிக்கென்று பொரித்துக் கொடுத்துவிடும் ரோல்ஸ் மட்டும் மாறவில்லை.

உள்ளூரில் ஆட்டம் என்றால் நாங்கள் எல்லோரும் போவோம். கோடையில் இல்-பிசாரிலிருந்து லாவாலுக்கு, காரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மிதவை ஓடும். அப்பா அதைப் "பாதை" என்பார். அவருடைய ஊரான காரைநகரில் அப்படித்தான் சொல்வார்களாம். போகும்போது எல்லோரும் உற்சாகமாகக் கதைப்போம். திரும்பும்போது பெரும்பாலும் தோற்றிருப்போம்.

ஓகஸ்ட் வந்தபோது நிலைமை இப்படி இருந்தது. இன்னும் கொஞ்ச ஆட்டங்களை வென்றால் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். தோற்றால் செப்டம்பரில் எல்லோரும் வீட்டுக்கு. நான் எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து, ஒரு இரவுச் சாப்பாட்டின்போது தீர்ப்புச் சொன்னேன். கப்டன் திரும்பி வந்தால் வெல்வோம், வராவிட்டால் வெல்லமாட்டோம்.

புட்டைக் குழம்போடு பிசைந்துகொண்டிருந்த அண்ணாவின் கை ஒரு கணம் நின்றது. "உண்மைதான், கோச். அவர் மிகவும் நல்ல ஆட்டக்காரர்," என்றார்.

நான் தமிழில் மொழிபெயர்த்தேன். அம்மாவுக்கு உடனே வழி தெரிந்துவிட்டது.

"கால்தானே? பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேருவம். அந்தப் பெடியன்ரை பேரிலை ஒரு அர்ச்சனையும் செய்வம்."

"ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடினா ஒருத்தரும் கிட்ட நிக்கேலாது," என்றார் அப்பா.

எனக்கும் அதுதான் திட்டம். கப்டன் தன்னுடைய இடத்தில் நிற்பார், அண்ணா பக்கத்தில் இரண்டாவது தளத்துக்குத் தள்ளி நிற்பார். மனதுக்குள் ஆட்களை நிறுத்தியும் பார்த்துவிட்டேன், அழகாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் வந்தால் இன்னொருவர் எழும்பிப் போவதில்லை. உலையில் ஒரு சுண்டு அரிசி கூடப் போடுவோம், அவ்வளவுதான். அணி என்பதும் அப்படித்தானே இருக்கவேண்டும்.

அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டும். கப்டன் எப்போது பிறந்தார் என்று அறிந்துவரும்படி அம்மா அண்ணாவிடம் என் மூலம் சொல்லிவிட்டார். அவர் அப்படியே போய்க் கேட்டு, பிறந்த நேரத்தையும் சேர்த்து அறிந்துவந்தார். ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையிடம் நீ காலையிலா மாலையிலா பிறந்தாய் என்று எப்படிக் கேட்டிருப்பார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அம்மா ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு போன் எடுத்துப் பஞ்சாங்கம் பார்க்கச் சொன்னார். சுவாதி என்று பதில் வந்தது.

சனிக்கிழமை காலை கோவிலுக்குப் போனோம். அன்று பின்னேரம் லாவாலில் ஆட்டம் இருந்ததால் அண்ணாவும் விளையாட்டுப் பையோடு எங்களுடன் வந்தார். ஐயர் பெயரைக் கேட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, கோத்திரம் என்ன என்றார். அம்மா யோசிக்கவேயில்லை. "சிவகோத்திரம்," என்றார். கோத்திரம் தெரியாதவர்களுக்கு அதுதான் கோத்திரம். ஆறடிக்கு மேல் உயரமும் செம்பட்டைத் தலைமயிரும் உள்ள ஒன்ராறியோக்காரர் அன்று முதல் சுவாதி நட்சத்திரத்துச் சிவகோத்திரக்காரர் ஆனார். அவருக்கு இது இன்றுவரை தெரியாது.

அர்ச்சனை முடிந்து வெளியே வந்தோம். சீமெந்துத் தொட்டியில் தேங்காய் உடைக்க அப்பா கையை நீட்டினார். அம்மா விடவில்லை.

"தம்பி எறியட்டும். எறிஞ்சு பழகின கை. நினைச்சுக்கொண்டு எறியச் சொல்லு, பிள்ளை."

நான் அண்ணாவுக்கு விதிகளை விளக்கினேன். கப்டனின் கால் சுகமாகவேண்டும் என்று மனதார நினைக்கவேண்டும். சும்மா எறிந்தால் பலிக்காது. பிள்ளையாருக்கு எல்லா மொழியும் தெரியும், ஸ்பானிய மொழியில் நினைத்தாலும் பிழையில்லை. அவர் கவனமாகக் கேட்டார். நெற்றியில் விபூதியோடு, தேங்காயை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். பின்னால் ஆட்கள் வரிசையில் வந்து சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு முழங்காலுக்கு இவ்வளவு நேரமா?

பிறகு எறிந்தார். தேங்காய் தூள்தூளாகிப் போனது. பின்னால் நின்ற யாரோ கைதட்டினார்கள். ஒரு துண்டுகூடப் பெரிதாக மிஞ்சவில்லை என்று அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம்.

பலித்தது. அடுத்த வாரமே வைத்தியர் கப்டனின் முழங்காலைப் பார்த்து, விளையாடலாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் ஒலிபெருக்கியில் அவருடைய பெயர் வந்தபோது சனம் எழும்பி நின்று ஆரவாரித்தது. நான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தினேன். கப்டன் தன்னுடைய இடத்தில் வந்து நின்றார். பக்கத்தில், இரண்டாவது தளத்தில், எப்போதும் நிற்கிறவர்தான் நின்றார். அண்ணாவை நான் மைதானம் முழுக்கத் தேடினேன்.

ஆட்டம் முடிந்து, வென்ற களிப்போடு கார் தரிப்பிடத்தில் காத்திருந்தோம். அண்ணா வந்தார். தோளில், முதல்நாள் வந்தபோது இருந்த அதே ஒற்றைப் பை. அணியின் முகாமையாளர் கூப்பிட்டுக் கைகொடுத்து, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விமான நிலையத்தில் ஆட்குறைப்புகளைக் கண்டவர்.

"அணியிலை இத்தனை பேர்தான் இருக்கலாமாம். காயப்பட்டவர் திரும்பி வந்தா, அவருக்குப் பதிலா வந்தவர் போகவேணுமாம்."

"ஆள் கூடினா என்ன? இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டாச் சரிதானே?" என்று அம்மா கேட்டார். கேட்டுவிட்டு அழுதார். அம்மா அந்நிய மனிதர் ஒருவருக்காக அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அம்மா பிள்ளையாரோடு கோபித்துக்கொண்டு ஒரு கிழமை விளக்கு வைக்கவில்லை. அப்பா அண்ணாவின் விமானத்துக்கு வேலை செய்கிற ஆட்களோடு தன்னுடைய முறையை மாற்றிக்கொண்டு, அந்தப் பையைத் தன் கையாலேயே ஏற்றினார். எனக்கும் கவலைதான், இல்லையென்று சொல்லவில்லை. பேஸ்மென்ட் படியில் போய் இருந்து இரண்டு நாள் அழுதேன். ஆனால் அண்ணா அடுத்த கோடை வருவார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அதோடு அணி வேறு வென்றுகொண்டே போனது. கப்டன் வெளுத்துவாங்கினார். இறுதிச் சுற்றுக்குப் போனோம். செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, இதெல்லாம் எங்கள் தேங்காயால் நடந்தது என்று வகுப்பில் பிரெஞ்சில் அரைமணி நேரம் விளக்கினேன்.

அண்ணா பிறகு வரவில்லை. புதுவருடத்துக்கு அம்மாவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். லொறிக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சின்னப்பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்கிறேன். முதலில் கிடைத்த வேலை, பிள்ளைப்பேற்றுக்குப் போன ஒருவருடைய இடத்துக்குப் பதிலாள். அந்தப் பிள்ளைகள் என் மடியில் ஏறிப் பழகிவிட்டிருந்தார்கள். ஒருநாள் அவர் கைக்குழந்தையோடு எங்களைப் பார்க்க வந்தார். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புவதாகச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே வாழ்த்தினேன். மனதுக்குள், இந்த மனுஷி இன்னும் ஆறு மாதம் வீட்டில் இருந்தால் என்ன என்று நினைத்தேன். நான் கெட்டவள் இல்லை. அந்த இடத்தில் நிற்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அன்று பின்னேரம் பஸ்ஸில் வரும்போது அண்ணாவின் நினைவு வந்தது. தான் எதற்காக அங்கே நிற்கிறோம், அந்த முழங்கால் சுகமானால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவருக்கு முதல்நாளே தெரிந்திருக்கும். இரண்டு தரம் பட்டவர் அல்லவா.

தேங்காய் உடைத்த அன்று, கோவிலிலிருந்து நேரே ஆட்டத்துக்குப் போனோம். மிதவையில் காரைவிட்டு இறங்கி, நானும் அண்ணாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் எடுத்தவர் ஒழுங்காகத்தான் கேட்டாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தேன்.

"கப்டனின் முழங்கால். வலது முழங்கால் என்று இரண்டு தரம் சொன்னேன், கோச். பிழைபட்டுவிடக் கூடாதே."

கேட்ட முறை சரியாகத்தான் இருந்தது. நான் தலையாட்டிவிட்டு, ரோல்ஸ் எடுக்கக் காருக்குப் போனேன்.