மகளின் நிரையில் வேறொருவர்

என் மகள் தேயிலைக் கொழுந்தில் விழும் கொப்புள நோயை ஆராய்கிறவள். நமுனுகுலப் பக்கம் தோட்டத்து லய வீட்டில் பிறந்த பிள்ளை, இன்று கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்துப் பூஞ்சணம் பார்க்கிறாள். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை நிமிரும். ஆனால் போன மாசியில் வீட்டுக்கு வந்து இறங்கியபோது அவள் முகத்தில் உயிரில்லை.

வந்ததிலிருந்து படுத்தே கிடந்தாள். பிறகுதான் சொன்னாள். வருஷக்கணக்காக அவள் தேடியதை வெளிநாட்டில் யாரோ முதலில் கண்டுபிடித்து எழுதிவிட்டார்களாம். இவளுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்ததாம்.

எனக்குக் கோபம் வந்தது. மலையில் ஒருத்திக்குக் கொடுத்த தேயிலைச் செடி நிரையில் இன்னொருத்தி இறங்கிக் கொழுந்து பறித்தால், வேலை வாங்கும் கங்காணியிடம் சொல்லாமல் நாங்கள் விடமாட்டோம்.

“கங்காணிகிட்ட சொல்லாம இங்க வந்து படுத்துக்கிட்டியா?”

“இதுல நிரையும் இல்ல, கங்காணியும் இல்லம்மா. யாரு வேணும்னாலும் எறங்கலாம்.”

“அப்ப அது வேலையா? மாடு மேயிற மாதிரியில்ல இருக்கு.”

அன்றுதான் சிரித்தாள்.

அந்த வாரம் பதுளைப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞான டீச்சர் வேலைக்கு நேர்முகம் இருந்தது. விண்ணப்பம் போட்டது அவளேதான். கிடைத்தால் அந்திக்கு வீடு வந்து சேருவாள், என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க ஒரு கை இருக்கும் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. யாரிடமும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை எனக்கு.

நேர்முகத்துக்கு முதல் நாள் பனிமூட்டத்தோடு எழுந்து மலைக்குப் போனாள். கொப்புளம் விழுந்த இலைகளைப் பையில் போட்டுக்கொண்டு, அட்டை கடித்த காலோடு திரும்பினாள்.

தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

“அதான் அவங்க கண்டுபிடிச்சிட்டாங்களே. இன்னும் என்னாத்துக்கு? பேருக்கா?”

“பேருக்கும்தான், பொய் சொல்லல. ஆனா அவங்க சொன்னது நம்ம மலைக்குச் சரியா வரலம்மா. அந்தப் பூஞ்சணம் எலைக்குள்ள எப்பிடிப் போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம டீச்சராப் போனா, புள்ளைங்க மூஞ்சியப் பாக்க மாட்டேன். இந்த எலையத்தான் நெனச்சிக்கிட்டு நிப்பேன்.”

பக்கத்து நிரைக்காரி முந்திவிடக் கூடாதென்று காய்ச்சலோடு மலை ஏறியவள் நான். அந்தப் போட்டி எனக்குப் புரியும். தெரிந்தே ஆக வேண்டும் என்கிற மற்றது எனக்குப் பிடிபடவில்லை. அது அவளைப் படுக்க விடாது என்று மட்டும் தெரிந்தது.

கண்டி பஸ்ஸுக்கு எப்போது போகிறாய் என்று கேட்டேன். இலைகளை ஈரத்தாளில் சுற்றியபடி, நாளைக் காலை என்றாள். நேர்முகமும் நாளைக் காலைதான். வழியில் சாப்பிட வேண்டுமே, நான் ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தேன்.