மூலையில் ஒரு போன்

இன்று காலை செவிலிமேடு டவுன் பஸ், நெரிசலில் பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு டச் ஸ்கிரீன் போன் கம்பெனியின் புது விளம்பரம்.

சுவர் அகலத்துக்கு வெள்ளை போர்டு. கீழ் மூலையில் சின்னதாக ஒரு போன். வேறு எதுவுமே இல்லை.

"இன்னாபா இது, ஒட்டிக்கினு இருக்கும்போதே பசை தீந்துபோச்சா?" என்றார் கண்டக்டர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அதான்ணே அவங்க ஸ்டைல். காலி எடம்தான் அழகு."

முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அக்கா திரும்பினார். "வெலையே போடலியே தம்பி?"

"அதுவும் ஸ்டைல்தாங்கா."

"ஸ்டைலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்மூரு பட்டுக் கடையில வெல போடலன்னா, ஆளப் பாத்து சொல்லுவான்னு அர்த்தம்."

பஸ் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் அதே பஸ், அதே கண்டக்டர், அதே போர்டு. ஆனால் வெள்ளை இடம் முழுக்க யாரோ காதணி விழா போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நடுவில் குழந்தை, சுற்றிலும் தாய்மாமன்கள். அதில் பெரிய மாமா கூலிங்கிளாஸ் போட்டு, காதில் ஒரு பட்டன் போனை வைத்தபடி எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் என் தோளைத் தட்டினார். "இப்பத்தான்பா பாத்தா போன் விளம்பரம்னு தெரியுது!"

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்த நண்பர்கள் இரவுக்குள் சொல்லுங்கள். காலையில் எனக்கு அதே பஸ்தான்.