பெண்கள் பக்கம் பார்க்காத கடைசிப் பத்து நிமிடம்

போன தை மாதம், பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, இப்போது இல்லாத ஒரு சினிமா கொட்டகையைப் பார்க்க அம்மாவும் நானும் கிளம்பினோம். எங்கள் வீடு வில்லியனூரில். அம்மா பிறந்தது பாகூர் பக்கம் சோரியாங்குப்பத்தில். தூரம் அதிகமில்லை. ஆனாலும் அந்தக் கொட்டகை இருந்த இடத்தை அம்மா நாற்பது வருடமாக எட்டிப் பார்த்ததில்லை.

என் பட்டச் சான்றிதழ்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய அன்று அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அஞ்சலை மட்டும் வாய மூடிக்கினு இருந்திருந்தா நானும் படிச்சிருப்பேன்" என்றார். அஞ்சலை அம்மாவின் பள்ளித் தோழி. எட்டாம் வகுப்போடு அம்மாவின் படிப்பு நின்றதற்கு அவர்தான் காரணம் என்று அம்மா நம்பியிருந்தார். அன்று நின்ற பேச்சு நின்றதுதான். "அவ இப்ப அந்தக் கொட்டாயாண்டதான் இருப்பாளாம், நேருக்கு நேர் கேட்டுட்டு வந்துடறேன்" என்று அம்மா புறப்பட்டபோது டிக்கெட் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கண்டக்டரிடம் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதற்கே மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்க்கிறவள் நான்.

காலை 7.40-க்கு வில்லியனூரில் ஏறி 8.15-க்குப் புதுச்சேரி பேருந்து நிலையம். அங்கிருந்து கடலூர் பஸ்ஸில் கிருமாம்பாக்கம், சுமார் பதினைந்து கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய். வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், வயல்கள் அந்தப் பக்கம். பனி இன்னும் விலகவில்லை. தென்னை மரங்கள் அடி இல்லாமல் மிதந்து வந்தன. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே அம்மா பேசத் தொடங்கினார்.

எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கம். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நடுவே ஓர் அரைச்சுவர். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். ஞாயிறு மதியம் இரண்டரைக்குப் படம். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்து, பெண்கள் பக்கக் கதவைத் திறந்துவிடுவார்கள். ஊருக்குப் போக வாய்க்கால் கரை ஒன்றுதான் வழி. ஆண்கள் கூட்டம் வெளியே வருவதற்குள் பெண்கள் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. திறந்த கதவு வழியாக வெயில் நேராகத் திரையில் விழுமாம். கதாநாயகி பாதி முகம் கரைந்து நிற்கும்போது எல்லாரும் சேலையைத் தட்டிவிட்டு எழுவார்கள்.

முடிவு? அதை ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆண்கள் சொல்வார்கள், அவரவர் விருப்பப்படி. ஒரே படத்துக்கு வீட்டுக்கொரு முடிவு. மறுநாள் நடவு வயலில் பெண்கள் அவற்றை ஒப்பிட்டுச் சிரிப்பார்களாம்.

பதின்மூன்று வயதில் ஒரு ஞாயிறு, அம்மா மட்டும் எழவில்லை. அரைச்சுவரை ஒட்டிக் குந்திக்கொண்டு கடைசிவரை பார்த்துவிட்டார். அது தெரிந்த ஒரே ஆள் அஞ்சலை. இரண்டாம் நாள் தாத்தா பள்ளிக்கூடப் பையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார்.

கிருமாம்பாக்கத்தில் ஆட்டோ. நூற்றைம்பது ரூபாய், பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. "சினிமா கொட்டாயா? அங்க இன்னாக்கா இருக்கு, நெல்லு காயுது" என்றார் ஓட்டுநர். உண்மைதான். சுவர் இல்லை, கூரை இல்லை. வயலுக்கு நடுவே திரைப்பக்கம் சரிந்து இறங்கும் சிமெண்டுத் தரை மட்டும் கிடக்கிறது. தண்ணீர் தேங்காது என்பதால் நெல் காயவைக்கிறார்கள். தூசி எழுந்து வெயிலில் ஒரு கற்றையாகச் சாய்ந்து நின்றது. அதன் மறுமுனையில் படம் ஓடும் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். வயல்தான்.

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்மணி அம்மாவைப் பார்த்து நிமிர்ந்தார்.

"இன்னாடி முத்து, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"எங்கப்பாகிட்ட ஏன்டி சொன்ன?" நலம் விசாரிக்கவில்லை, உட்காரவில்லை. அம்மா அப்படியே கேட்டுவிட்டார்.

"நானா சொன்னேன்? அடி பாவி!" அஞ்சலை இடுப்பில் கை வைத்தார். "அன்னிக்கு உங்க வூட்லதான நானும் சோறு துன்னேன். உங்கப்பாரு, அந்தப் பொம்பள புருசன் கால்ல வுழுந்து அழுதா, படம் முடிஞ்சுதுன்னாரு. நீதான் வெடுக்குனு, இல்லப்பா, அவ வூட்டப் பூட்டி சாவியக் கெணத்துல போட்டுட்டு பஸ் ஏறிட்டான்னு சொன்ன. அவரு கையில எடுத்த சோறு அப்டியே நின்னுது."

அம்மா நெல்லில் ஒரு கோடு இழுத்தார், காலால். பிறகு அதை மூடினார். "சாவி தண்ணியில வுழுந்த சத்தம்கூட எனக்கு ஞாபகம் இருக்குடி. இது எப்படி மறந்துச்சு?"

"அது போவுது. பஸ் ஏறி எங்க போனா? உன்னாண்ட கேக்கலாம்னுதான் இருந்தேன், நீ மூஞ்சியத் திருப்பிக்கின."

இருவரும் பெண்கள் பக்கம் இருந்த இடத்தில், நெல்லை ஒதுக்கிவிட்டு, இல்லாத திரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் ஆண்கள் பக்கம் நின்றுகொண்டேன்.

"கண்டக்டரு, எங்கம்மா போவணும்னு கேட்டான். அவ சிரிச்சா. அத்தோட சுபம் போட்டுட்டான்."

"அவ்ளோதானா? இதுக்கா பள்ளிக்கூடத்த நிறுத்துனாரு?"

"அவ்ளோதான்."

அஞ்சலை சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அஞ்சலையின் முந்தானையில் ஒட்டியிருந்த பதரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார், வெகுநேரம்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசியில் போங்கள், நெல் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். நிழல் கிடையாது. குடையும் தண்ணீரும் கட்டாயம். பத்துக்குள் போய்விட்டால் அந்தத் தூசிக் கற்றையைப் பார்க்கலாம். தெரிந்தவர் யாரையாவது அழைத்துப் போங்கள். தனியாகப் போனால் அது வெறும் சிமெண்டுத் தரைதான்.

பகல் 12.50-க்குக் கிருமாம்பாக்கத்தில் பஸ் கிடைத்தது. வழக்கம்போல ஊர்ப்பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் அம்மாவிடம் குனிந்து, "எங்கம்மா?" என்றார்.

அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். மனதுக்குள் வைத்திருந்த ஊர்ப்பெயரை நான் அப்படியே விட்டுவிட்டேன்.