சாமிக்கு முதுகு காட்டியவர்

இன்றும் என் கழுத்தில் அந்தப் பழைய ஜூம் கேமரா தொங்குகிறது என்றால், அதற்கு ஒரு பெண் காவலர்தான் காரணம். பேர் தெரியாது.

மயிலாப்பூர் அறுபத்து மூவர் உற்சவத்தில் கயிறு பிடித்துக் கூட்டத்தைத் தடுத்துக்கொண்டிருந்தார். கயிற்றைத் தள்ளுபவர்களை ஓர் அதட்டல் போட்டுவிட்டு, அடுத்த மூச்சிலேயே "கண்ணு" என்று சேர்த்துக்கொள்வார். ஐம்பது வயதான என்னையும்தான். கேமராவை மறுநாள் கடையில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவதாக இருந்தேன்.

சாமியின் வெள்ளி விமானம் தெருமுனையில் திரும்பியது. எல்லோரும் கை கூப்பினார்கள். அவர் மட்டும் எங்களைப் பார்த்தே நின்றார்.

"சாமி தெரியுதா சார்? இன்னா கலர் மாலை போட்டுக்கீறாங்க?"

"நீங்களே திரும்பிப் பாருங்களேன்."

"அது எப்டி சார்? வருசா வருசம் இங்கதான் டூட்டி. முதுகு காட்டிக்கினுதான் நிக்கிறேன்."

ஜூமை முழுக்க இழுத்து, கேமராவின் மடக்குத் திரையை விரித்து அவர் பக்கமாகத் திருப்பினேன். இப்போது எனக்கு எதுவும் தெரியவில்லை.

"மேல தூக்கு சார்... இன்னும்... ஆங், அப்டியே நில்லு கண்ணு!"

பிறகு அவர் ஒரு கையில் கயிற்றை விடாமல், மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சாமியைப் பார்க்காமலே பொத்தானை அழுத்தினேன். என் படங்களிலேயே உருப்படியானது அதுதான்.

மறுநாள் தி. நகர் கடையில் பார்த்த புது கேமரா இரண்டு மடங்கு தூரம் இழுத்தது. திரை மட்டும் அசையவில்லை.

"இது முன்பக்கம் திரும்பாதா?"

"எதுக்கு சார், செல்ஃபிக்கா?"

"இல்லப்பா, தரிசனத்துக்கு" என்று சொல்லிவிட்டு, பழையதோடு வெளியே வந்தேன்.