காய்ந்த தட்டு

நாவற்குடா வாவிக்கரையில் தக்ஷாயினியின் கணவனைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், அவள் காதுபட மட்டும் பேசவில்லை. ஜெயந்தன் சுற்றுலாக்காரர்களை வாவியில் கூட்டிப் போய்ப் பிழைத்தவன். போன வருடம் ஒரு காலை தனியாகப் போனான். மத்தியானம் அவனுடைய பழைய மஞ்சள் கயாக், மேலே உட்கார்ந்து ஓட்டும் துடுப்புப் படகு, மட்டும் அகப்பட்டது. நிமிர்ந்தபடி மிதந்தது, உட்காரும் தட்டில் பொட்டு ஈரமில்லை. அடுத்த நாள் அவன் உடல் கரையொதுங்கியது.

தோணி கவிழ்ந்தால் தண்ணீர் நிறைந்து கிடக்கும். இது காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் கவிழவில்லை. நீச்சல் தெரிந்தவன் கவிழாத படகை விட்டு ஏன் இறங்குவான்? தானாகத்தான் இறங்கினான் என்று ஊர் முடிவு கட்டியது. தோணிக்காரரின் மகளான தக்ஷாயினியும் அப்படித்தான் கணக்குப் போட்டாள். அன்று காலை இருவரும் முகம் பார்க்காமல் இருந்தது அவளுக்கு மட்டும் தெரியும்.

கயாக்கை வாங்க ஓட்டமாவடியிலிருந்து மீன்பிடிக்கிற றமீஸ் நானா வந்தார்.

"பழசுதான் தங்கச்சி. ஆனா நீட்டுக் கயாக், தூரம் போறதுக்கெண்டே செஞ்சது. ஒருக்கா ஓட்டிப் பாக்கணும்."

"நான் ஓட்டுறன் நானா. நீங்க அப்பாட தோணியில பின்னால வாங்க."

"விழுந்தா என்னையெல்லோ ஊர் பிடிக்கும்," என்று தன் மிதவைச் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார்.

ஏறியதும் கயாக் இடுப்புக்குக் கீழே நெளிந்தது. ஒரு பக்கம் சரித்துப் பார்த்தாள். விளிம்பு தண்ணீரைத் தொட்டதும் பிடித்து நின்றது. நாலு துடுப்பு வலிப்பில் கோடு கீறினாற்போல் நேரே ஓடியது.

"எழும்பி நில்லுங்க பாப்பம்," என்றார் றமீஸ். நின்று வலை வீசுகிறவர்களுக்கு அதுதான் சோதனை. எழும்பி நின்றாள். அசையவில்லை.

"தரையில நிக்கிற மாதிரியெல்லோ நிக்கிறீங்க. சாமான் நல்ல சாமான்."

தக்ஷாயினி மெல்ல உட்கார்ந்தாள். படகு நல்லதென்றால் அவன்தான் இறங்கியிருக்கிறான்.

"இன்னும் போவம் நானா. அவர் போன இடம் வரைக்கும்."

றமீஸ் தோணியை அவள் பின்னால் திருப்பினார்.

நடுவாவியில் ஒவ்வொரு வலிப்பும் கனத்தது. பின்பக்கம் தாழ்ந்தது. காலடியைப் பார்த்தாள், ஈரமில்லை. கைதான் ஓய்ந்துவிட்டது என்று நினைத்தாள். அப்போது ஆசனத்துக்கு அடியில் ஏதோ அசைந்தது, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல. கரையோரக் கண்ணா மரக்காட்டுப் பக்கம் முனையைத் திருப்பினாள். அடியிலிருந்தது முழுவதும் ஒரே பக்கம் ஓடி விழுந்தது. கயாக் சரிந்து, அவளை உதறிவிட்டு, நிமிர்ந்துகொண்டது.

தண்ணீருக்கு மேலே வந்தபோது அது காற்றோடு போய்க்கொண்டிருந்தது. தட்டிலிருந்த தண்ணீர் வடிகால் துளைகளால் வெளியே வடிந்தது. வெயில் மிச்சத்தைக் குடித்தது. அதில் ஓர் ஆள் இருந்தாளென்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீந்தினாள். கை எட்டும் தூரத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே அது போனது. மிதவைச் சட்டை இல்லாவிட்டால் தோள் விட்டுப்போயிருக்கும்.

றமீஸ் அவளைத் தோணியில் ஏற்றினார். பிறகு கயாக்கைப் பிடித்து உலுக்கினார். தட்டுக்கடியில் மூடியிருந்த கூட்டுக்குள் தண்ணீர் அலம்பியது.

"அடியில எங்கயோ வெடிச்சிரிக்கி. தண்ணி குடிக்கிறது மேல தெரியா. இத ஆருக்கும் குடுக்காதீங்க தங்கச்சி."

அவள் காற்று போகும் திசையைப் பார்த்தாள். அன்றும் இதே காற்றுத்தான், அது போவது அவளுடைய வீட்டுக் கரைக்கு.

"அவர் இதுக்குப் பின்னால நீந்தியிருக்கார் நானா."

"ஓம்," என்றார் றமீஸ். "வீட்டப் பாத்துத்தான்."

விட்டுப் போனவனோடு ஒரு வருடம் கோபித்துக்கொண்டு இருந்தாயிற்று. வந்துகொண்டிருந்தவனை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து வாவிப் பக்கத்துக் கதவை அவள் சாத்துவதில்லை.