நுரைக்காத துபாய் பாட்டில்

சென்ற மாதம் ஒரு நாள், காலை ஏழு இருபதுக்கு, எண்ணெய்த் தலையோடு என் மகள் கேட்டாள்: "இன்னாம்மா இது, நுரையே வரல?" பத்து மணிக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பக்கத்து வீட்டு நசீமா அக்கா கொடுத்த துபாய் பாட்டில், முழுக்க அரபு எழுத்து; பள்ளிக்கூட டீச்சரான எனக்கும் படிக்கத் தெரியாது. ஷாம்பூ என்று நினைத்துப் பாதியை ஊற்றியிருந்தேன்.

என் கணவருக்கு ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலிலிருந்து முடி கொத்தாகக் கழல்வதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை குடம் ஊற்றியும் வழவழப்பு போகவில்லை. இதுவும் முடியைக் கழற்றும் மருந்தோ என்று சீப்பையே வைக்கவில்லை. கணவர் அக்காவை அழைத்துவர ஓடினார்.

இப்போதெல்லாம் கொடுத்தவரைக் கேட்காமல் எந்தப் பாட்டிலையும் திறப்பதில்லை.

மூச்சிரைக்க வந்த அக்கா, மகளின் முடியை இழுத்துப் பார்த்துச் சிரித்தார்: "இன்னா டீச்சர், இதுக்கா பேஜார்? இது ஷாம்பூ போட்டப்புறம் தடவறது. சீக்கா போட்டு அலசுங்க. சுண்ணாம்புத் தொட்டியிலயே ஊற வெச்சாலும் இந்த முடி கழண்டு வராது!"