திரையில் வராத கோடு

இரண்டாயிரத்தைத் தாண்டிய சில வருடங்கள் நான் கொல்லிமலையில், பல ஊர்கள் சேர்ந்த அரியூர் நாட்டில், ஒரு தண்ணீர்த் திட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாகச் சின்னச் சின்ன ஊர்களுக்குக் கொண்டுபோகும் திட்டம். திண்ணனூர் நாட்டுக்காரர் ஒருவர் மேடு பள்ளமெல்லாம் நடந்து அளந்துவருவார். அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் வரைபடமாக்குவது என் வேலை. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டது நான்தான். காசு கொடுக்க வேண்டாம் என்று அலுவலகத்துக்குச் சந்தோஷம். ஏதாவது கெட்டால் உள்ளே கைவைத்துப் பார்க்கலாம் என்று எனக்குச் சந்தோஷம்.

ஒருநாள் மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் தன் ஊருக்குக் குழாய் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வந்தார். திரையில் முழு மலையையும் காட்டினேன். நீலக் கோடு ஊற்றிலிருந்து அவர் ஊர் வரை போனது. கிட்டத்தில் காட்டலாம் என்று பெரிதாக்கினேன். வீடுகள் வந்தன, பாதை வந்தது. நீலக் கோட்டைக் காணவில்லை.

“ஏனுங்க அம்மிணி, எங்கூரை உட்டுப்போட்டீங்களா?” என்றார்.

இல்லை என்று சொல்லி, அந்தப் பகுதியைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதில் கோடு சரியாக இருந்தது. அவர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தாள்ல இருக்குது, பொட்டியில இல்லீங்க. நான் எதைன்னு நம்பறது?”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. அடுத்து எல்லா ஊர்க்காரர்களையும் கூட்டி, இதே திரையில் வரைபடத்தைக் காட்டுவதாக இருந்தோம். அங்கே ஒரு கோடு காணாமல் போனால் திட்டத்தையே சந்தேகப்படுவார்கள்.

அவர் போனபின் உட்கார்ந்து தேடினேன். வரைபடத்தில் தப்பில்லை, பிரிண்ட் அதற்குச் சாட்சி. எந்தக் கோட்டின் இரண்டு முனையும் திரைக்கு வெளியே இருக்கிறதோ, அந்தக் கோடு மட்டும் மறைந்தது. எதை எங்கே வரைய வேண்டும் என்று, திரையில் படம் போடும் கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்கிற சின்ன புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். கோடு போடும் வேலையைக் கார்டிடம் ஒப்படைக்காதே, கம்ப்யூட்டரே போடட்டும் என்று டிரைவருக்குக் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். கோடு வந்துவிட்டது. ஆனால் வரைபடத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலும் திரை மறுபடி நிரம்புவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். கோளாறு டிரைவர் கார்டிடம் வேலையை ஒப்படைக்கும் இடத்தில்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

மலையில் அப்போது எங்களுக்கு இன்டர்நெட் இல்லை. மலையிறங்கிச் சேந்தமங்கலம் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்த டிரைவரை எழுதுகிறவர்களின் மெயில் குழுவுக்கு நடந்ததை எழுதினேன். அடுத்த முறை போனபோது, ஏதோ ஒரு தூர தேசத்தில் அதைக் கவனித்துவந்தவரிடமிருந்து பதில் இருந்தது. நான் சொல்வது சரியாக இருக்கும் போலத் தெரிகிறது, ஆனால் அந்தப் பழைய கார்டு அவரிடம் இல்லை, திருத்தம் எழுதித் தந்தால் வெளியிடுவதற்கு முன் சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். முடியும் என்று அங்கேயே பதில் போட்டேன்.

அவர் அனுப்பிய திருத்தத்தை அடுத்த முறை போனபோது பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பழைய டிரைவரைப் பத்திரமாக ஒரு பக்கம் வைத்துவிட்டுத்தான் புதியதைக் கம்பைல் செய்து போட்டேன். கோடு வந்தது. அளவுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்து, வேலை முடிந்தது என்றார். நான் வரைபடத்தைப் பிடித்து வேகமாக இழுத்தேன். திரை அப்படியே உறைந்து நின்றது. மவுஸின் அம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அளவுக்காரருக்குப் பயம் வந்துவிட்டது. “போனாப் போவுதுங்க, தாள்லயே காட்டிக்கலாம். இருக்கறதும் கெட்டுப்போச்சுன்னா?”

கெடாது, பழையது கையில் இருக்கிறது என்று சொல்லி, அவர் எதிரிலேயே அதைத் திரும்பப் போட்டுக் காட்டினேன்.

உறைந்ததை எழுதி அனுப்பினேன். உங்கள் பக்கம் மின்சாரம் சரியில்லாமல் இருக்குமோ என்று பதில் வந்தது. நியாயமான கேள்விதான். பக்கத்து மாவு மில் ஓடினால் எங்கள் பல்பு மங்கும். மில் ஓடும்போது பழைய டிரைவரைப் போட்டு வரைபடத்தை இழுத்தேன், உறையவில்லை. மில்லுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை, பல்பு பளிச்சென்று எரியும்போது புதியதைப் போட்டு இழுத்தேன், உறைந்தது. மெதுவாக நகர்த்தினால் ஒன்றும் ஆகவில்லை. வேகமாக இழுத்தால் மட்டும் நின்றது.

கரண்ட் காரணமில்லை, அவசரம்தான் காரணம்; கார்டு முந்தின கோட்டைப் போட்டு முடிக்கும் முன்பே டிரைவர் அடுத்ததைத் திணிக்கிறது என்று நினைக்கிறேன் என்று எழுதினேன். சந்தேகப்பட்டது தன் தவறு என்றும், காத்திருக்கச் சொல்லும் வரியைத் தான் விட்டுவிட்டதாகவும் அவர் பதில் எழுதினார். கூடவே இரண்டாவது திருத்தமும் வந்தது.

இம்முறை அளவுக்காரரையே மவுஸைப் பிடிக்கச் சொன்னேன். அவர் தான் நடந்த ஊர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அங்கங்கே பெரிதாக்கிப் பார்த்தார். முதலில் மெல்ல, பிறகு வேண்டுமென்றே தாறுமாறாக இழுத்தார். எல்லாக் கோடும் வந்தது. திரை நிற்கவில்லை. “இனி கூட்டத்தைப் போட்டுக்கலாமுங்க,” என்றார். அன்று முழுவதும் வழக்கமான வேலையை அதிலேயே செய்து பார்த்துவிட்டுத்தான் நான் சரி என்றேன்.

கூட்டத்துக்கு முன்னால் மிளகுத் தோட்டக்காரருக்குச் சொல்லியனுப்பினேன். வந்தார். அவர் ஊரைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். நீலக் கோடு குறுக்கே ஓடியது. அவர் குனிந்து, விரலைத் திரையில் படாமல் வைத்துக் கோட்டோடு கொஞ்ச தூரம் போனார்.

“வந்துருச்சுங்க,” என்றார். பிறகு, “கோடு இந்த மரவள்ளிக் காட்டு மேல போவுதுங்க, அது எங்க பங்காளி காடு. அவருகிட்ட இப்பவே ஒரு வார்த்தை கேட்டுப்போடோணும், இல்லீன்னா பின்னால வம்பாயிரும்,” என்றார்.

அளவுக்காரரும் அவரும் அன்றே பங்காளி வீட்டுக்குக் கிளம்பினார்கள். பங்காளி வரப்பு ஓரமாகப் போகச் சொன்னார், கோட்டை அப்படியே மாற்றிப் போட்டேன். கூட்டமும் நல்லபடியாக நடந்தது.

பிறகு வந்த டிரைவர் வெளியீட்டில் அந்தத் திருத்தம் சேர்ந்திருந்தது. அதே கார்டில் எழுத்துகள் நிறம் மாறித் தெரிவதாக வேறொருவர் எழுதியிருக்கிறார், அதற்கும் ஒரு திருத்தம் வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்வீர்களா என்று கேட்டு அந்தத் தூர தேசத்துக்காரரிடமிருந்து மெயில் வந்தது. அனுப்புங்கள் என்று எழுதிவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு பெட்டி பிளாப்பி வாங்கிக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறினேன்.